மேக்னெட்டோவுக்கும் மேடை கொடுங்கள்: பேச்சுப் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கடலூரில் பள்ளி மாணவர்களுக்கான பேச்சுப் போட்டியை நடத்தும் குழுவினர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். ‘என்னைச் சிந்திக்க வைத்த கதாபாத்திரம்’ என்ற பொதுத் தலைப்புக்கு மாணவர்கள் எழுதிக் கொடுத்த பெயர்களில், எக்ஸ்-மென் என்னும் அமெரிக்க காமிக்ஸின் வில்லனான மேக்னெட்டோவை மட்டும் நீக்கிவிட்டு, பயங்கரவாதியைப் புகழ மேடை தர இயலாது என்று காரணம் கூறியிருக்கிறீர்கள். பிள்ளைகள்மேல் உங்களுக்கு உள்ள அக்கறையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒருவன் ஏன் அப்படி ஆனான் என்று ஆராய்வது அவனைப் புகழ்வதாகாது என்பதால், அம்முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் எக்ஸ்-மென் முதல் இதழில் அவனை அறிமுகப்படுத்தியபோது, நீங்கள் சொல்வது ஏறத்தாழச் சரியாகவே இருந்தது. உலோகத்தை ஆட்டிவைக்கும் ஆற்றலும் உலகை ஆளும் ஆசையும் தவிர அவனிடம் வேறெதுவும் இல்லை. ஊர், பெற்றோர், இளமை எதுவும் சொல்லப்படவில்லை. மறு ஆண்டு அவன் திரட்டிய கூட்டத்தின் பெயரிலேயே ‘தீய’ என்ற அடைமொழி இருந்தது. (எந்தத் தீயவன் தன் கட்சிக்கு அப்படிப் பெயர் வைப்பான்?) லயன் காமிக்ஸில் ஸ்பைடரைப் படித்து வளர்ந்த என் தலைமுறைக்கு இப்படி முன்கதையில்லாத வில்லன்கள் நன்கு பழக்கம்.

அவனுக்கு ஒரு வரலாற்றைக் கொடுத்தவர் பின்னாளில் எக்ஸ்-மென் கதைகளை எழுதிய கிறிஸ் கிளேர்மான்ட். 1981இல் வந்த 150ஆம் இதழில், ஆயுதங்களைக் கைவிடுமாறு மேக்னெட்டோ உலக நாடுகளுக்கு மிரட்டல் விடுக்கிறான்; தன்னைத் தாக்கிய சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை மாலுமிகளோடு கடலில் மூழ்கடிக்கிறான். பின்னர் மூளும் சண்டையில் எக்ஸ்-மென் குழுவைச் சேர்ந்த கிட்டி பிரைட் என்னும் சிறுமி அவன் தாக்குதலில் விழ, ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டோம் என்றெண்ணி அவன் நிலைகுலைகிறான். நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமில் தன் குடும்பத்தைப் பறிகொடுத்தவன் அவன் என்பது அந்த இதழில்தான் வாசகருக்குத் தெரியவருகிறது. கிட்டியும் யூதச் சிறுமி என்பதை நினைவில் கொண்டு படித்தால், அவன் தன் கையில் யாருடைய கையைக் கண்டு அஞ்சினான் என்பது விளங்கும்.

அந்த இளமையை விரிவாகச் சொல்லும் தொடர் 2008இல் வெளிவரத் தொடங்கியது. எழுதியவர் கிரெக் பாக். அதில் அவன் மாக்ஸ் ஐசன்ஹார்ட் என்னும் ஜெர்மானிய யூதச் சிறுவன். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்ட அவன் தந்தையை அந்தப் பழைய சேவை காப்பாற்றவில்லை. இந்தத் தொடரில் முகாமுக்கு வருமுன்பே குடும்பத்தை இழந்து ஆஷ்விட்ஸை அடையும் மாக்ஸ், நச்சுவாயு அறைகளிலிருந்து பிணங்களை அகற்றி எரிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகளில் ஒருவனாகிறான். இவ்வாறு வேலை வாங்கப்பட்ட கைதிகள் 1944 அக்டோபர் 7 அன்று அங்கே கிளர்ந்தெழுந்ததும், சுமார் 11 லட்சம் பேர் அந்த முகாமில் கொல்லப்பட்டதும் கற்பனையல்ல, வரலாறு. பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போரைத் தேர்வுக்காகப் படிக்கும் ஒரு மாணவர் இந்தத் தொடர் வழியே அதனுள் நுழைந்தால், அது நம்மைப் போன்றவர்கள் வரவேற்க வேண்டிய செய்தி.

போருக்குப் பின்னும் அவனுக்கு அமைதி கிடைக்கவில்லை. 1987இல் வந்த ஒரு சிறுகதையில், மனைவியோடும் மகள் ஆன்யாவோடும் உக்ரைனின் வின்னிட்சா நகருக்குப் பிழைக்க வருகிறான், கூலியில் ஏமாற்றப்படுகிறான், தங்கியிருந்த விடுதி தீப்பற்றி எரிகையில் மகளை மீட்க விடாமல் தடுக்கப்படுகிறான். மகள் இறந்ததும் எதிரில் நின்றவர்களைக் கொன்றுவிடுகிறான். அவன் செய்ததைக் கண்ட மனைவி அஞ்சி ஓடிவிடுகிறாள். இஸ்ரேலின் ஹைஃபாவில், பின்னாளில் எக்ஸ்-மென் குழுவை உருவாக்கும் சார்லஸ் சேவியரைச் சந்தித்து, மனிதகுலத்தோடு தங்களைப் போலப் பிறவியிலேயே விந்தை ஆற்றல் கொண்ட மியூட்டன்ட்டுகள் இணங்கி வாழ முடியுமா என்று வாதிடும்போது இவை அனைத்தும் அவன் நெஞ்சில் இருக்கின்றன. சேவியருக்கு அது கொள்கை விவாதம். மேக்னெட்டோவுக்கோ ஏற்கெனவே ஒருமுறை நடந்துவிட்ட ஒன்று.

அவனுடைய அச்சம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அச்சத்திலிருந்து அவன் வந்தடைந்த முடிவுதான் கொடியது. தன் இனத்தை இனி எவரும் அழிக்கக் கூடாது என்று தொடங்கியவன், தன் இனமே உயர்ந்தது, மற்றோர் ஆளப்பட வேண்டியவர்கள் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறான். அது அவன் குடும்பத்தைக் கொன்றவர்களின் கொள்கை. திரைப்படங்களைப் பார்த்துவிட்டு ‘அவன் சொன்னதுதான் சரி’ என்று முழங்கும் இளைஞர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். உங்கள் கவலையும் அவர்களைப் பற்றியதென்றால் அதில் நானும் உங்களோடு நிற்கிறேன். ஆனால் தலைப்பை நீக்கிவிட்டால் அந்த முழக்கத்துக்கு மறுமொழி சொல்ல மாணவர்களில் யார் பழகுவார்கள்?

கதையாசிரியர்களும் அவனை எளிதில் விட்டுவிடவில்லை. 1985இல் வந்த 200ஆம் இதழில் அவன் பாரிஸில் உலக நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படுகிறான். அவன் மூழ்கடித்த கப்பல் அங்கே குற்றச்சாட்டாக அவனைத் தேடி வருகிறது.

நம் மாவட்டத்தில் இது புது வழக்கமும் அல்ல. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் கர்ணனும் துரியோதனனும் தத்தம் தரப்பைப் பாட, விடிய விடிய உட்கார்ந்து கேட்கிறோம். பின்னர் படுகளத்தில் மண்ணுருவாகக் கிடக்கும் துரியோதனன் வீழ்வதையும் பார்க்கிறோம். அவன் பாட்டை ரசித்ததால் எவரும் அவனுடைய தீர்ப்பைக் குறைத்துக் கேட்டதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிரிவில் இத்தலைப்பை மீண்டும் சேருங்கள். இளையவர்களுக்கு வேண்டாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. முகாம்களின் வரலாறு அந்த வயதுக்குக் கனமானது. பேசுபவர் அவனுக்கு நேர்ந்ததோடு அவன் பிறருக்குச் செய்ததையும், குறிப்பாக அந்த மாலுமிகளின் சாவையும், பேசியாக வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். நடுவர்கள் மேலே குறிப்பிட்ட 150ஆம் இதழையாவது முன்கூட்டியே படித்துவிட்டு வருவது நல்லது. படி கிடைக்கவில்லையென்றால் என்னுடையதைத் தருகிறேன். போட்டி முடிந்தபின் திருப்பித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு மாணவரின் பெற்றோர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.