அம்மாமார் இருக்கும்போதே மரபணு மாதிரியை எடுத்து வையுங்கள்: இத்தாலியின் காணாமற்போனோர் ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

காணாமற்போனோருக்கான இத்தாலிய அரசின் சிறப்பு ஆணையருக்கு,

வணக்கம். நான் பலெர்மோவில் வசிக்கும் யாழ்ப்பாணத்தவன். இத்தாலிய மொழியிலும் இதை எழுதி அனுப்பத்தான் போகிறேன், ஆனால் முதலில் தமிழில் எழுதுகிறேன். உங்கள் பக்கத்துக் கடலில் பிள்ளைகளைத் தொலைத்த அம்மாமாருக்காகக் கேட்கிறேன். அந்தப் பெண்கள் இதை வாசித்துவிட்டு, சரி, நாங்களும் இதைத்தான் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

விஷயம் 1996 டிசெம்பர் 26 விடியப்புறம் நடந்தது. உங்கள் அலுவலகம் 2007இல்தான் தொடங்கியது, ஆகவே இது உங்கள் மேசைக்கு வராமலே போயிருக்கவும் கூடும். நத்தார் இரவில், சிசிலிக்கும் மால்டாவுக்கும் இடையில், யோஹான் என்ற கப்பலில் வந்தவர்களை எஃப் 174 என்ற சின்ன மரப் படகுக்கு மாற்றினார்கள். கடல் கொந்தளிப்பு, படகு தாங்காத கூட்டம், போதாக்குறைக்குக் கப்பலும் படகும் மோதிக்கொண்டன. குறைந்தது 283 பேர் செத்தார்கள். பாகிஸ்தானியர், இந்தியர், அப்புறம் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர். கப்பலில் எஞ்சியவர்களைக் கிரீஸில் கொண்டுபோய் இறக்கிவிட, அவர்கள் அங்குள்ள பொலிசாரிடம் நடந்ததை அப்படியே சொன்னார்கள். செய்தியும் வந்தது. இத்தாலியில் யாரும் நம்பவில்லை. இத்தனை பேர் செத்தால் உடல் எங்கே என்றார்கள்.

உடல்கள் சிசிலியின் தென்முனையிலுள்ள போர்த்தோபாலோ மீனவர்களின் வலையில் வந்துகொண்டுதான் இருந்தன. சொன்னால் விசாரணை, விசாரணை வந்தால் படகைக் கட்டிவைக்க வேண்டும், தொழில் போய்விடும் என்று பயந்து திரும்பவும் கடலிலேயே போட்டார்கள். நானும் கடற்தொழில் ஊரில் வளர்ந்தவன், ஒரு கிழமை தொழில் இல்லை என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும், அதனால் அவர்களைத் திட்ட வாய் வரவில்லை. மன்னிக்கவும் மனம் வரவில்லை, அது வேறு. கடைசியில் அந்த மீனவர்களில் ஒருவர்தான் வாயைத் திறந்தார். வலையில் சிக்கிய உடுப்பின் பைக்குள் ஒரு தமிழ்ப் பெடியனின் அடையாள அட்டை, பிளாஸ்டிக் உறையிட்டது, ஆகவே உப்புத் தண்ணீரிலும் அழியவில்லை. சோதனைச் சாவடியில் அந்த அட்டை இல்லாவிட்டால் என்ன கதி என்று பழகிய எங்கள் பெடியன்கள் அதை நடுக்கடலிலும் விட்டிருக்க மாட்டார்கள். லா ரிப்பப்ளிகா நாளிதழின் ஜோவானி மரியா பெல்லு அதைப் பிடித்துக்கொண்டு தேடிப்போய், 2001இல் கமராவை இறக்கிப் படமெடுத்தார். கரையிலிருந்து சுமார் 19 கடல் மைல், 108 மீற்றர் ஆழம், படகு, அதைச் சுற்றி எலும்புகள். தாரியோ ஃபோ, ரீத்தா லெவி மொந்தால்சினி உட்பட நோபல் பரிசு பெற்ற இத்தாலியர் நால்வர் உடல்களை எடுங்கள் என்று அரசைக் கேட்டார்கள். எடுக்கவில்லை.

என் பெரியம்மாவின் மகன் அந்தப் படகில் வந்தான் என்று நாங்கள் நம்புகிறோம். நம்புகிறோம் என்றுதான் சொல்ல முடியும், அதுதான் இங்கே பிரச்சினையே. 1995இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமமே இடம்பெயர்ந்து, அடுத்த வருடம் திரும்பி வந்து, வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்ற காலம். இளம் பெடியனை வீட்டில் வைத்திருந்தால் ஒன்று ஆமி பிடிக்கும், இல்லையென்றால் இயக்கத்துக்குப் போய்விடுவான். பெரியம்மா காணியை ஈடு வைத்து, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டினா. எகிப்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, ‘நத்தாருக்கு முன் இத்தாலி போய்விடுவோம் என்கிறார்கள், குளிர் என்பதால் இரண்டு சட்டை போட்டிருக்கிறேன்’ என்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஏஜென்சிக்காரன் முதலில் பெடியன் தடுப்பில் இருக்கிறான் என்றான், பிறகு வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றான், பிறகு ஆளே இல்லை. சாத்திரி ஒருவர் பிள்ளை மேற்கே இருக்கிறான், கையெழுத்துப் போட முடியாத இடத்தில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டார். அதைப் பெரியம்மா சிறை என்று எடுத்துக்கொண்டா, இன்றைக்கும் அப்படித்தான். நான் இங்கே வந்த புதிதில் தொலைபேசியில் அவ கேட்ட முதல் கேள்வி, அங்கே மறியல் வீடுகளுக்குப் போய்ப் பார்க்க விடுவார்களா தம்பி என்பது.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் காணாமலாக்கப்பட்டவர்களின் அம்மாமார் வீதியோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பெரியம்மாவும் ஒருநாள் போய் இருந்துவிட்டு வந்தா. ‘அவையள் ஆமியின் கையில் ஒப்படைத்த பிள்ளையைக் கேட்கினம், நான் ஆரைக் கேட்கிறது’ என்றா. கொழும்பிலுள்ள காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் போரையும் அரசியல் குழப்பத்தையும் ஒட்டிக் காணாமற்போனவர்களுக்காக உண்டானது. போருக்குப் பயந்து ஓடி அயல்நாட்டுக் கடலில் போனவன் அதில் எந்தப் பெட்டிக்குள் வருவான்? இன்னொன்று, டிசெம்பர் 26 எங்கள் கரையில் ஆழிப்பேரலை நினைவு நாளும்கூட. ஊரே விளக்கேற்றும். பெரியம்மா மட்டும் ஏற்ற மாட்டா, ஏற்றினால் செத்துவிட்டான் என்று ஆகிவிடுமாம்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்வதற்குக் காரணம், உங்கள் நாடு இதைச் செய்யத் தெரியாத நாடு இல்லை. 2015 ஏப்ரல் 18இல் லிபியாவுக்கு வடக்கே மூழ்கிய படகை அன்றைய பிரதமர் மத்தேயோ ரென்சி தூக்குவேன் என்றார், 2016இல் உங்கள் கடற்படை தூக்கியது, அதுவும் ஏறத்தாழ 370 மீற்றர் ஆழத்திலிருந்து. சிசிலியின் மெலில்லியில் தீயணைப்பு வீரர்கள் உடல்களை வெளியே எடுத்தார்கள், மிலான் பல்கலைக்கழகத்தின் லபனோஃப் என்ற தடயவியல் ஆய்வுகூடத்தின் கிறிஸ்தினா கத்தானேயோவும் அவருடைய ஆட்களும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மாலியிலிருந்து வந்த ஒரு சிறுவன் பள்ளிக்கூட ரிப்போர்ட்டை உடுப்புக்குள் வைத்துத் தைத்திருந்ததையும், இன்னொருவர் ஊர் மண்ணை முடிச்சுப் போட்டு வைத்திருந்ததையும் உலகம் அறிந்தது அவர்களால்தான். லம்பெதூசாவுக்குப் பக்கத்தில் 2013 ஒக்டோபர் 3இல் இறந்தவர்களுக்கும் உங்கள் அலுவலகமே முன்நின்று உறவினரை வரவழைத்து, படங்களைப் பார்த்து, மரபணு மாதிரி எடுத்தது. அந்த நாளை 2016இலிருந்து தேசிய நினைவு நாளாகவும் ஆக்கினீர்கள். நல்லது, மனமார நன்றி சொல்கிறேன். ஆனால் 370 மீற்றரிலிருந்து ஒரு படகு மேலே வரும்போது 108 மீற்றரில் கிடப்பது ஏன் வரவில்லை என்று ஒரு தாய் கேட்டால் நான் என்ன சொல்ல? உங்கள் கடல் எல்லைக்கு வெளியே என்பதா? 2015 படகும் வெளியேதான் கிடந்தது.

படகைத் தூக்குங்கள் என்பதை நான் முதல் கோரிக்கையாக வைக்கவில்லை. இவ்வளவு காலம் உப்பில் கிடந்த மரம் தூக்கும்போது பிளந்து போகலாம், எலும்புகளில் பாதி இழுவை வலைகளோடு எங்கெங்கோ போயிருக்கலாம், ஒருவரைக்கூட அடையாளம் காண முடியாமலும் போகலாம். எங்கள் ஆட்களில் சிலர் இதைச் சொன்னால் கோபப்படுவார்கள், தெரியும். ஆனால் படகு இன்னும் பத்து வருடம் அங்கேயே கிடக்கும். அம்மாமார் இருக்க மாட்டார்கள். பெரியம்மாவோடு இதே கடிதத்தையும் இதே ஏஜென்சிக்காரனையும் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள்.

ஆகவே முதலில் மாதிரி எடுங்கள். கன்னத்தின் உட்பக்கத்தை ஒரு பஞ்சுக் குச்சியால் தடவி, காயவைத்து, உறையில் போட்டு, பெயர் எழுதி வைப்பது. அவ்வளவுதான் வேலை. தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் மைட்டோகொண்ட்ரியா மரபணு பழைய எலும்பிலும் தங்கக்கூடியது என்று உங்கள் நிபுணர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூடப் பிறந்தவர்களிடமும் அது இருக்குமே என்பீர்கள். பெரியம்மாவுக்கு வேறு பிள்ளை இல்லை. சிலருக்கு இருந்த மற்றப் பிள்ளைகளும் போரில் போய்விட்டார்கள்.

அவர்களை ரோமுக்கு வா என்று சொல்லாதீர்கள். காணியை ஈடு வைத்து இழந்த பெண்ணிடம் வீசாவுக்கு வங்கிக் கணக்கு மீதி கேட்டால் அவ எங்கே போவா? கொழும்பில் உங்கள் தூதரகம் இருக்கிறது. குடும்பத் தொடர்பு தேடும் வேலையில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அனுபவம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது, சட்ட வைத்திய அதிகாரி இருக்கிறார். இதே வேலை பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் நடக்க வேண்டும், அங்கேயும் அம்மாமார்தான்.

இரண்டாவது, இந்தப் படகு மூழ்கியதைப் பற்றிச் சிசிலியின் சிராகூசா நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் கோப்புகளில் யார் யாருடைய பெயர்கள் இருக்கின்றன என்று குடும்பங்கள் கேட்டால் பார்க்க ஒரு வழி செய்யுங்கள். நான் ஒரு அலுவலகத்தில் கேட்டபோது நீங்கள் நேரடி உறவினர் இல்லை என்றார்கள். நேரடி உறவினர் யாழ்ப்பாணத்தில் சக்கர நாற்காலியில் இருக்கிறார் என்றேன். அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

மூன்றாவதாகப் படகு. இன்னொரு தடவை ஆளில்லாக் கருவியை இறக்கி, இப்போது அங்கே என்ன மிச்சம் என்று பாருங்கள். தூக்க முடியாது என்று நிபுணர்கள் சொன்னால் அதை எழுத்தில் தாருங்கள், காரணத்தோடு. தமிழில் மாற்றிப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்ட நான் இருக்கிறேன்.

மாதிரி எடுக்கும் இடமும் திகதியும் மட்டும் சொல்லுங்கள். வடமராட்சியிலும் தீவுப் பகுதியிலும் இருக்கும் அம்மாமாரை வான் பிடித்துக் கூட்டி வருவது எங்கள் பொறுப்பு. காசு பலெர்மோவில் சேர்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
பலெர்மோவில் வசிக்கும் ஒரு தமிழன்