செரட்டோனின் குறைந்தால் கோபமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நாய்க்கடி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் மூளையில் நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைந்தால் விலங்கு மூர்க்கமாகும், கூடினால் சாதுவாகும் என்று ஒரே வரியில் முடித்திருக்க வேண்டாம். விலங்கியல் நடத்தியவனுக்கு அது உறுத்துகிறது.

சிங்கி இறாலில் கதை நேர்மாறு. 1980இல் ஹார்வர்டில் எட்வர்ட் கிராவிட்ஸ் குழுவினர் அதற்குச் செரட்டோனினை ஊசியில் ஏற்றினார்கள். அது சாதுவாகவில்லை. காலை ஊன்றி உடம்பைத் தூக்கி, கொடுக்கை விரித்து, சண்டைக்கு வாங்க என்கிற தோரணையில் நின்றது! மரபணு ஒன்றை நீக்கி, செரட்டோனின் பல மடங்கு கூடும்படி செய்த எலிகளிலும் ஆண்கள் கூடுதலாகச் சண்டை போட்டன (1995).

சரி, கட்டுரை சொல்வதற்கும் ஆதாரம் உண்டு. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் 1959 முதல் சாதுவானவற்றையே தேர்ந்து வளர்த்த வெள்ளி நரிகளின் மூளையில் செரட்டோனின் கூடுதலாக இருந்தது. ஆனாலும் எனக்கு முக்கியமாகப் படுவது அமெரிக்காவின் தென் கரோலினாவில், மார்கன் தீவில் வாழும் ரீசஸ் குரங்குகள்தான். இளம் ஆண் குரங்குகளின் தண்டுவட நீரை எடுத்து, செரட்டோனின் சிதைந்து உண்டாகும் பொருளை அளந்தார்கள். மூளையில் செரட்டோனின் எந்த அளவு வேலை செய்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். அது குறைவாக இருந்தவை, சின்ன உரசலைக்கூட விரட்டிக் கடித்துக் காயப்படுத்தும் வரை கொண்டுபோயின. அதோடு, மர உச்சியில் மற்றவை தயங்கும் இடைவெளியையும் எகிறித் தாண்டின. அடுத்த சில ஆண்டுகளில் செத்தவையும் காணாமல் போனவையும் பெரும்பாலும் இவைதான். கோபம் மட்டுமே காரணம் என்றால் மரம் தாவுவதில் ஏன் அவசரம்? போதும் என்று நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடுதான் இவற்றுக்குக் குறைவு என்பது என் எண்ணம்.

அப்புறம் அந்தப் பெட்டிச் செய்தி. நாய்க்கு வாழைப்பழம் கொடுத்தால் செரட்டோனின் கூடுமாம்! பழத்தில் செரட்டோனின் இருப்பது நிஜம்தான். ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. மூளை தனக்கு வேண்டியதை, உணவுப் புரதத்திலிருந்து கிடைக்கும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. கடிக்கிற நாய்க்குக் கால்நடை மருத்துவர் சில சமயம் மூளையில் செரட்டோனினின் வேலையைக் கூட்டும் ஃப்ளுவாக்ஸிட்டின் என்ற மருந்தைத் தருவதுண்டு. அதற்கும் பலன் தெரிய வாரக்கணக்காகும், கூடவே பயிற்சியும் வேண்டும். பழத்தை நம்பி யாராவது கடிபடுவதற்குள் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திருநெல்வேலி