சிம்பொனியை முழுதாகக் கேட்போம்: மலேசிய இளையராஜா இரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியத் தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் இயங்கிவரும் இளையராஜா இரசிகர் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025 மார்ச் 8-ஆம் நாள் லண்டன் ஈவன்டிம் அப்பல்லோ அரங்கில், மிக்கேல் டாம்ஸ் நடத்த, ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இசைஞானியின் ‘வேலியண்ட்’ சிம்பொனியை, அதாவது பெரிய இசைக்குழு வாசிப்பதற்கென்று எழுதப்படும் நீண்ட மேல்நாட்டு இசைவடிவத்தை, அரங்கேற்றியது. மறுநாள் காலையில் நாம் பசியாறி முடிப்பதற்குள் அரங்கில் இருந்தவர்கள் கைத்தொலைபேசியில் பிடித்த துண்டுகள் நம் புலன (வாட்ஸ்அப்) குழுக்களை நிறைத்துவிட்டன. துண்டுகளின் பின்னாலேயே தீர்ப்புகளும் வந்தன. அந்தத் தீர்ப்புகளைப் பற்றியும், அவற்றைப் பார்த்து இந்த இசையைக் கேட்காமலே ஒதுங்கிப் போகக்கூடிய நம் பிள்ளைகளைப் பற்றியுமே சுங்கை சிப்புட்டிலிருந்து இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் வட்டாரக் குழுவில் மட்டும் வந்த கருத்துகளைச் சொல்கிறேன். உங்கள் குழுக்களிலும் இவையேதான் வந்திருக்கும். “ராஜாவைக் காணோமே” என்றார் ஒருவர். “படத்தின் பின்னணி இசைபோல இருக்கிறது, பாட்டு எப்போது வரும்?” என்று கேட்டார் இன்னொருவர். தபேலா இல்லாத குறையைப் பலர் சொன்னார்கள். மறுபக்கம், ஒரு நிமிடம்கூடக் கேட்டிராத சிலர், உலகமே எழுந்து நின்று வணங்கியது என்றும், ஆசியாவிலேயே சிம்பொனி எழுதிய முதல் மனிதர் இவர்தான் என்றும் வண்ண வண்ணமாகச் சுவரொட்டி செய்து பகிர்ந்தார்கள். குறை சொன்னவர்களை இவர்கள் துரோகிகள் என்றார்கள். அவர்கள் இவர்களைக் குருட்டு பக்தர்கள் என்றார்கள். இரு தரப்புக்கும் நடுவில் இசை மட்டும் கேட்கப்படாமலே நின்றது.

முதலில் அந்தப் பெருமைப் பேச்சை எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானியரான கோசாக்கு யமாடா 1912-லேயே முழுச் சிம்பொனி எழுதிவிட்டார். பண்டிட் ரவிசங்கரின் சிம்பொனியை 2010-இல் லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்திருக்கிறது. இவை மறைக்கக்கூடிய செய்திகள் அல்ல, மறைக்க வேண்டிய தேவையும் நமக்கு இல்லை. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய் மேடையில் பாடி, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையின் எழுத்துமுறையைக் கற்று, எண்பதைத் தாண்டிய வயதில் தாமே எழுதிய இசைத்தாள்களோடு லண்டனுக்குப் போன ஒருவருக்கு நாம் இல்லாத பட்டத்தைக் கொண்டுபோய்ச் சூட்ட வேண்டியதில்லை. பொய்யான ‘முதல்’ ஒன்று அம்பலமானால் உண்மையான பெருமையையும் கேலி செய்யப் பிறருக்கு நாமே வாய்ப்புக் கொடுத்தவர்களாவோம்.

குறை சொன்னவர்களை நான் பழிக்கவில்லை. தமக்குக் கேட்டதை அவர்கள் நேர்மையாகச் சொன்னார்கள். அவர்களுக்குக் கேட்டது என்ன என்பதுதான் என் கேள்வி. எங்கள் ஊர் உறுமி மேளக் குழுவில் வாசிக்கும் இளைஞர் ஒருவர் அந்தத் துண்டுகளில் ஒன்றை என்னோடு உட்கார்ந்து கேட்டார். சற்று நேரத்தில் நிறுத்திவிட்டு, “அண்ணே, இதில் பாதி விழவே இல்லை” என்றார். திருவிழாவில் உறுமியின் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த முனகல் நெஞ்சில் வந்து இறங்கும். அதையே கைத்தொலைபேசியில் பதிந்து கேட்டால் ஏதோ உரசல் சத்தம் மட்டும் மிஞ்சும் என்பது அவர் அனுபவம். லண்டன் துண்டிலும் அதுவே நடந்திருப்பதை அவர் காது உடனே பிடித்துக்கொண்டது. அடித்தளத்தில் நிற்கும் டபுள் பேஸ் என்னும் பெரிய தந்திக் கருவிகள் கரைந்துபோயிருந்தன, பெரிய முரசுகள் மேசையைத் தட்டுவதுபோல் ஒலித்தன, பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சு எல்லாவற்றையும் விடத் தெளிவாக இருந்தது. இதைக் கேட்டுவிட்டு ராஜாவைக் காணோம் என்றால், காணாமல் போனதற்கு அவர் பொறுப்பல்லர்.

ஒலித்தரம் ஒருபுறம் இருக்கட்டும். நல்ல பதிவாகவே இருந்தாலும் முப்பது வினாடி ஒரு சிம்பொனிக்குப் போதாது. திரைப்பாட்டில் முதல் நிமிடத்துக்குள் பல்லவி வந்து, திரும்பவும் வந்து, நம் நாவில் ஒட்டிக்கொள்ளும். அரை நூற்றாண்டாக ராஜாவே நம் காதை அப்படிப் பழக்கியிருக்கிறார். சிம்பொனி நான்கு பகுதிகளாக நகர்வது. தொடக்கத்தில் வரும் ஒரு சிறு இசைத்துணுக்கு வேறு கருவிக்குக் கைமாறி, சுருதி மாறி, உடைந்து, தலைகீழாகி, நாம் மறந்த பிறகு வேறு கோலத்தில் எதிரே வந்து நிற்கும். அந்தத் துணுக்கைத் தொடக்கத்தில் கேட்காதவருக்கு அது திரும்பி வந்ததே தெரியாது. லண்டனிலிருந்து சென்னை திரும்பியதும், பதிவிறக்கிக் கேட்காதீர்கள், நேரில் கேட்க வேண்டிய அனுபவம் இது என்று அவரே கேட்டுக்கொண்டதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

நம்மவர்களுக்கு இது புதிய சோதனையும் அல்ல. 2005-இல் ராஜாவின் ‘திருவாசகம்’ குறுந்தட்டு வந்தபோது எங்கள் பட்டணத்தில் என்ன பேசப்பட்டது என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் ஆலயங்களில் ஓதுவார்களும் தேவார வகுப்பு ஆசிரியர்களும் திருவாசகத்தை மோகன இராகத்தில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மார்கழி விடியலில் திருவெம்பாவை பாடி வளர்ந்த காதுக்கு, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் வயலின்களும், கோரஸ் குரல்களும், நடுவே ஆங்கிலத்தில் பாடும் ஓர் ஆண்குரலும் அதிர்ச்சியாகவே இருந்தன. தேவாலயத்தில் பாடுவதுபோல் இருக்கிறது என்றார்கள். மாணிக்கவாசகரை இப்படிச் செய்யலாமா என்று ஆலயத்தில் ஒரு கூட்டமே கேட்டது. குறுந்தட்டை வாங்கியவர்களில் பலர் ‘பொல்லா வினையேன்’ பகுதியின் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் அந்த ஒரு பகுதி மட்டுமே இருபது நிமிட அளவுக்கு ஓடும்.

பொறுமையாக முழுதும் கேட்டவர்கள்தாம் மெல்ல மெல்ல மற்றவர்களை இழுத்தார்கள். புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் என்று பிறவிகள் அடுக்கடுக்காய் வரும் இடத்தில் இசைக்குழு எப்படிப் படிப்படியாய்ப் பெருகுகிறது என்பதும், தமிழ்க் குரலுக்கு ஆங்கிலக் குரல் விடைபோலவும் வினாபோலவும் வந்து நிற்பதும் இரண்டாம், மூன்றாம் முறை கேட்கும்போதுதான் விளங்கின. இன்று எங்கள் பகுதியில் துக்க வீட்டில் பெரியவர்கள் சிவபுராணம் பாடி முடித்த பிறகு, பின்னிரவில் யாரோ ஒருவர் மெல்லிய ஒலியில் அதே ‘பொல்லா வினையே’னைப் போடுகிறார்; யாரும் ஆட்சேபிப்பதில்லை. அன்று எழுந்து கேள்வி கேட்டவர்களின் வீடுகளிலும் அது ஒலித்திருக்கிறது. அந்த முதல் வாரத்துக் கருத்தை மட்டும் இறுதியாக எடுத்துக்கொண்டிருந்தால் இந்தப் பட்டணம் எதை இழந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இந்தக் கேட்டல் படித்தவர்களுக்கும் பணக்காரர்களுக்கும் உரியது, நமக்கு ஏறாது என்று சிலர் எழுதியதுதான் என்னை மிகவும் வருத்தியது. பால்மரம் வெட்டியவர்களும் செம்பனை அறுத்தவர்களும் அவர்களின் பிள்ளைகளுமான நாம்தானே ஒரு பாட்டின் இரண்டாம் இடையிசையில் புல்லாங்குழல் எங்கே நுழைகிறது, பேஸ் கிட்டார் பாட்டோடு போகாமல் எங்கே தனிவழி போகிறது என்று தேநீர்க் கடையில் மணிக்கணக்காய் வாதாடியவர்கள்? அந்த இருபது முப்பது வினாடிகளுக்குள் அவர் ஒன்றன்மேல் ஒன்றாய் எழுதிவைத்த மெட்டுகளைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த காதுக்குச் சிம்பொனி அந்நியமான வீடு அல்ல. 1986-இல் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக அவர் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ இசைத்தொகுப்பில், பாஹின் தனிவயலின் இசை ஒன்று ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் நம் பாணி வயலின் பேசத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. அதைக் கேசட் தேயத் தேயக் கேட்டவர்கள் தோட்டத்து லயங்களில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தார்கள். அவர்களில் எவரிடமும் இசைப்பட்டம் இல்லை.

தோட்டத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே நின்று பாடியவர் அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன். அந்த அண்ணனின் குழுவில்தான் சிறுவன் ராசய்யா, பின்னாளில் இளையராஜா ஆனவர், ஆர்மோனியத்தோடு மேடையேறினார். 1993-இல் இதே ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு, ஜான் ஸ்காட் நடத்த, அவர் எழுதிய ஒரு சிம்பொனியை வாசித்துப் பதிவு செய்தது. ஆனால் அந்தப் பதிவு வெளியாகாமலே போயிற்று. முப்பதாண்டுகளுக்கும் மேலாக அதைக் கேட்க ஏங்கிய தலைமுறையில் பலர் இன்று நம்மோடு இல்லை. அத்தனை காலம் காத்திருந்தபின் வந்த ஒன்றைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போவது நமக்கு முறையாகாது.

ஆகவே குழுப் பொறுப்பாளர்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். அரங்கில் களவாகப் பிடித்த துண்டுகளைப் பகிர்வதை உங்கள் புலனக் குழுக்களில் நிறுத்துங்கள். இசையமைப்பாளரே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை அவருடைய இரசிகர்கள் என்ற பெயரிலேயே செய்வது பொருந்தாது. நேரிலோ நல்ல ஒலிப்பதிவிலோ முழுமையாகக் கேட்கும் வாய்ப்பு வரும்வரை தீர்ப்பை ஒத்திவையுங்கள். கேட்ட பிறகு பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அவரைக் குழுவிலிருந்து நீக்காதீர்கள். நான்கு பகுதிகளையும் கேட்டுவிட்டு இரண்டாவது பகுதி தொய்கிறது என்று சொல்பவர், கேட்காமல் கைதட்டுபவரைவிட ராஜாவுக்கு நெருக்கமானவர்.

கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் கீழே பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கம் இருக்கிறது. 1998 முதல் மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு அங்கே வாசித்துவருகிறது. நம்மில் பெரும்பாலோர் கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறோம், உள்ளே போனதில்லை. இந்தச் சிம்பொனி அந்த மேடையில் ஒலிக்க வேண்டும் என்று நாடு முழுவதுமுள்ள குழுக்கள் கையொப்பமிட்டு அந்த இசைக்குழுவுக்கும் பண்பாட்டு அமைச்சுக்கும் மனு அனுப்பலாம். அதுவரை காத்திராமல், மேல்நாட்டு இசைமேதைகளான பீத்தோவனையோ துவோர்ஷாக்கையோ வாசிக்கும் ஒரு மாலைக்கு இளைஞர்களை அழைத்துப் போகலாம். சுங்கை சிப்புட்டிலிருந்தே இரயில் இருக்கிறது. பகுதிகளுக்கு நடுவே கைதட்டாமல் முழுதும் முடிந்தபின் தட்டுவது அங்கே வழக்கம் என்பதை முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தால் அவர்கள் கூச்சமின்றி உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் குழு தன் பங்குக்கு ஆலய மண்டபத்தில் மாதம் ஒரு முறை கேட்கும் அமர்வு நடத்த முடிவு செய்திருக்கிறது. நல்ல ஒலிபெருக்கி இரண்டு ஏற்பாடாகியுள்ளது; அமர்வு நடக்கும்போது கைத்தொலைபேசிகளை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். முதல் அமர்வில் ‘திருவாசகம்’ முழுமையாக, இரண்டாவதில் ‘ஹௌ டு நேம் இட்’, மூன்றாவதில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி என்று வைத்திருக்கிறோம். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கும் உறுமி மேளக் குழுவினருக்கும் முன்வரிசை. கோலகங்சார், ஈப்போ குழுக்கள் வர விரும்பினால் எங்கள் பொறுப்பாளர்களிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள், சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஓர் இரசிகன்
சுங்கை சிப்புட், பேரா