தாது வருஷக் கணக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் வரி விளம்பரங்களைக்கூட விடுவதில்லை.

உன் மகளின் எம்.ஏ. ப்ராஜெக்ட் வரைவைப் படித்தேன். சேலத்துப் பெண் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை எடுத்தது நல்ல காரியம். நடையும் தடங்கலில்லாமல் ஓடுகிறது. ஆனால் "சேலம் மாவட்டத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் பட்டினிச் சாவு" என்று அடித்துச் சொல்கிறாளே, அங்கேதான் நின்றுவிட்டேன். 1871 கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் ஏறக்குறைய 19.7 லட்சம் பேர். 1881இல் 16 லட்சம். கழித்துப் பார்த்தால் அவள் சொல்லும் எண் வந்துவிடுகிறது. அது ஆள் குறைந்த கணக்குதானே தவிர, செத்தவர் கணக்கு இல்லை. ஊரை விட்டுப் போனவர்கள், அந்த வருஷங்களில் பிறக்காமல் போன பிள்ளைகள் எல்லாம் அதற்குள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் கூடிய ஜனத்தொகை சாவில் ஒரு பங்கை மறைத்தும் இருக்கும். அதோடு அன்றைய சேலம் என்பது இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரியும் சேர்ந்த சேலம். இதை ஒரு வரியாவது அவள் எழுதியாக வேண்டும்.

பஞ்ச நிவாரண வேலைக்குக் கொடுத்த கூலி பற்றிய பகுதியில் ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிளை மட்டுமே நம்பியிருக்கிறாள். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அவரை அனுப்பியதே சென்னை மாகாணத்தின் செலவைக் குறைக்கத்தான். வேலைக்கு வந்த ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று அவர் எழுதினால், அதில் ஆச்சரியம் என்ன? அதே காலத்தில் மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், அந்த அளவைத் தின்றுவிட்டு உடம்பால் உழைக்க முடியாது என்று எதிர்த்து எழுதினார். இருவரும் அரசாங்க அதிகாரிகளே. அரசு ஆவணம் என்றால் ஒரே குரல் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே அவளுக்கு ஒரு இயல் தேறிவிடும்.

இந்தப் பஞ்சத்தைப் பற்றி வில்லியம் டிக்பி எழுதிய 1878 நூல் இரண்டு தொகுதியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டாயம் படிக்கட்டும். ஆனால் அவர் பத்திரிகை ஆசிரியர், நிவாரண நிதிக் குழுவின் செயலாளராகவும் இருந்தவர். அந்தக் குழுவைப் பற்றிச் சொல்லும் பக்கங்களில் மட்டும் கொஞ்சம் சந்தேகம் இருக்கட்டும். லெ ஃபானுவின் 1883 சேலம் மாவட்டக் கையேட்டை அவள் தொடவே இல்லை. அதுதான் முதலில் எடுக்க வேண்டியது.

அட்டைப்படம், அந்தப் பஞ்சத்தைப் படம் பிடித்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஹூப்பர் எடுத்தது. பெயர் போடாமல் விட்டிருக்கிறாள். அவருடைய படங்களை 1943 வங்கப் பஞ்சம் என்று போட்டுப் பரப்புகிறவர்கள் உண்டு. எனவே யார், எங்கே, எப்போது என்று கீழே எழுதச் சொல். எலும்பும் தோலுமான ஜனங்களைக் கூட்டமாக உட்காரவைத்து எடுத்தவை அவை. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அட்டைக்கு வேண்டாம் என்பேன். முடிவு அவளுடையது.

கும்மிப் பாட்டுகளைச் சேர்த்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. சாவு எண்ணிக்கைக்கு அவை உதவாது. ஜனங்கள் எதைத் தின்றார்கள், எதை விற்றார்கள், யாரைத் திட்டினார்கள் என்பதற்கு அவற்றை விட்டால் வேறு கதி இல்லை.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு வருவதானால் துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வரச் சொல். நம் வீட்டிலேயே தங்கலாம். உனக்கும் லீவு கிடைத்தால் கூட வா.

அன்புடன்,
ராஜு