மடையும் கடையும்: மின்னணு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சக அதிகாரிகளுக்கு வணக்கம்.

2024 மார்ச் 1 அன்று இணைய நிறுவனங்களுக்கு நீங்கள் அனுப்பிய அறிவுரை நினைவிருக்கிறதா? சரியாகச் சோதிக்கப்படாத ஏஐ மாடலை இந்தியப் பயனர்களுக்குத் தருவதற்கு முன் அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்றது அது. ஸ்டார்ட்அப்களுக்கு இது பொருந்தாது என்று அப்போதைய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் எக்ஸ் தளத்தில் விளக்கம் சொன்னார். மார்ச் 15-ல் புது அறிவுரை வந்தது, அனுமதி வாங்க வேண்டும் என்ற வரி காணாமல் போனது. திருத்திக்கொண்டது நல்லதுதான். ஆனால் அந்த வரியை எழுதியவர், ஏஐ என்றால் ஒரு கம்பெனி, ஒரு சர்வர், அணைக்க ஒரு சுவிட்ச் என்று நினைத்திருக்க வேண்டும்.

என் வீட்டில் இருப்பது அப்படி இல்லை. ஊர் விவசாயம் பற்றி அப்பா பேசியதைக் கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறோம். கட்டற்ற உரிமத்தில், அதாவது யாரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்ற உரிமத்தில், கிடைக்கும் ஒரு பேச்சு மாடலைப் பழைய லேப்டாப்பில் இறக்கி, அதையெல்லாம் எழுத்தாக்குகிறேன். இணையமே வேண்டாம். முதலில், அப்பா “மடையைத் திறந்தோம்” என்றால் அது “கடையைத் திறந்தோம்” என்று எழுதும். மாடல் கற்றதையெல்லாம் எண்களாக வைத்திருக்கும் ‘எடைகள்’ ஃபைல் என் கையிலேயே இருந்ததால், நண்பனின் கிராபிக்ஸ் கார்டை இரவல் வாங்கி அப்பாவின் குரலைக் கொடுத்தே பழக்கினேன். இப்போது மடை மடையாகவே வருகிறது. கண்மாயில்தான் இன்னும் தடுமாறுகிறது.

இந்தத் திருத்திய மாடலை நாளை இணையத்தில் போட்டால், அது சோதிக்கப்பட்டதா, படாததா? யாரிடம் மனு கொடுப்பது, நானா, முதலில் செய்தவரா?

ஆபத்தே இல்லை என்று சாதிக்க வரவில்லை. வெளியே போன ஃபைலைத் திரும்பப் பெற முடியாது. 2023 நவம்பரில் ஒரு நடிகையின் முகத்தை ஒட்டிய காணொளி நாடெங்கும் சுற்றியதே, அதுமாதிரி வேலைக்கும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. அதைச் செய்தவரையும், புகார் வந்த பிறகும் நீக்காத தளத்தையும் பிடியுங்கள். கருவியை எழுதிப் பொதுவில் வைத்தவர்மேல் முதல் வழக்கு பாய்ந்தால், அடுத்தவர் எதையும் பொதுவில் வைக்க மாட்டார்.

அப்புறம், ‘திறந்த’ என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதும்போது கவனம் வேண்டும். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் லாமா என்ற ஏஐ மாடல் இலவசமாகத்தான் கிடைக்கிறது; ஆனால் மாதம் 70 கோடிப் பயனர்களைத் தாண்டிய நிறுவனம் தனி உரிமம் கேட்க வேண்டும் என்கிறது அதன் உரிமம். பழக்கிய தரவும் வெளியே இல்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் கட்டற்ற மாடல்களுக்குச் சில ஆவணக் கடமைகளில் விலக்கு தந்தாலும், எந்தத் தரவில் பழக்கினீர்கள் என்ற சுருக்கத்தைக் கேட்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, 2023-ல் இண்டிக்டிரான்ஸ்2 மொழிபெயர்ப்பு மாடலோடு பயிற்சித் தரவையும் கொடுத்தது.

நாட்டில் ஏஐ வளர்க்கும் அரசுத் திட்டமான இந்தியா ஏஐ மிஷனுக்கு 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் உருவாகும் மாடல்கள் தரவோடு சேர்ந்து வெளிவர வேண்டும். தரவைத் தர முடியாவிட்டால் காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும். ஏஐ விதிகளின் அடுத்த வரைவைக் கருத்துக் கேட்க வெளியிடும்போது தமிழிலும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டற்ற மென்பொருள் பயனர்