மாப்ளைக்கு, பாஸ்டன்ல இருந்து

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க? சுகர் கண்ட்ரோல்ல இருக்கா? தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? நான் இங்க வந்து ஒன்றரை மாசம் ஆச்சு, பேத்தி தவழ ஆரம்பிச்சுட்டா, ஒரு நிமிஷம் உக்கார விடமாட்டேங்குறா. நேத்து ராத்திரி ஒரு போட்டோ பார்த்தேன்டா, வாட்டர்ஸ்பவுட்டுன்னு, மேகத்துலேருந்து கடல் மேல இறங்குற சுழல்காத்துத் தூண், பார்த்ததுலேருந்து உன் நினைப்புதான், அதான் எழுத உக்காந்துட்டேன்.

நேத்து சனிக்கிழமை பையன் மார்த்தாஸ் வின்யார்டுங்குற தீவுக்குக் கூட்டிட்டுப் போனான். வுட்ஸ் ஹோல்ல கப்பல் ஏறினா முக்கால் மணி நேரத்துல ஓக் பிளஃப்ஸ்ங்குற ஊர்ல இறக்கி விட்டுடுறாங்க. அந்தக் காலத்துல அதுக்கு காட்டேஜ் சிட்டின்னு பேரு, 1907லதான் மாத்தினாங்க. 1835ல மெதடிஸ்ட் கிறிஸ்தவங்க ஒரு ஓக் தோப்புல டென்ட் போட்டு ஜெபக்கூட்டம் நடத்த ஆரம்பிச்சாங்களாம், அந்த டென்டெல்லாம் போகப்போக சின்னச் சின்ன மரவீடா மாறிப்போச்சு, இன்னிக்கும் கலர் கலரா நிக்குது. திரும்பி வர்றப்ப கப்பல்ல பக்கத்துல உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர் கடலைக் காட்டி, இந்தப் பக்கம்தான் அந்த வாட்டர்ஸ்பவுட்டு இறங்குச்சுன்னார்.

1896 ஆகஸ்ட் 19, புதன்கிழமை. இங்கிலாந்துல விக்டோரியா ராணி ஆண்டுக்கிட்டிருந்த காலம். கோடை சீசன், ஊர் பூரா லீவுக்கு வந்த ஜனம். மதியம் 12.45 வாக்குல கருமேகத்து அடியிலேருந்து தும்பிக்கை மாதிரி ஒண்ணு நீண்டு வந்து கடலைத் தொட்டுருக்கு. கொஞ்ச நேரம் நின்னு மறைஞ்சுருக்கு, ஒரு மணிக்கு மறுபடி இறங்கி முன்னைவிட ரொம்ப நேரம் நின்னுருக்கு, அப்புறம் மூணாவது தடவையும் வந்துருக்கு. எல்லாம் சேர்த்தா அரைமணிக்கு மேல. ஆயிரக்கணக்கான பேர் பார்த்துருக்காங்கடா!

கடல் தண்ணியத்தான் அப்படியே உறிஞ்சுதுன்னு நானும் நினைச்சேன், ஆனா அப்படி இல்லடா. சுத்துற காத்துக்கு நடுவுல அழுத்தம் குறையுது, அழுத்தம் குறைஞ்சா காத்து குளிருது, குளிர்ந்ததும் அதுல இருக்குற ஈரம் பொடித் துளியாயிடுது, அதனால நம்ம கண்ணுக்குத் தெரியுற அந்தத் தூண் முக்காவாசி மேகம்தான். அடியில மட்டும் காத்து கடலைக் கிளறி விடுறதால உப்புத்தண்ணி சிதறுது.

வீட்டுக்கு வந்ததும் பையன் அந்தப் போட்டோவைத் தேடி எடுத்துக் கொடுத்தான். அதே ஊர் போட்டோகிராபர் சேம்பர்லின்னு ஒருத்தர் எடுத்தது, ரெண்டாவது தடவை இறங்கினப்போ. மேல ஒரே இருட்டு, அதுலேருந்து தூண் தொங்குது, அது கடலைத் தொடுற இடத்துல மட்டும் வெள்ளையா ஒரு புகை. அந்தப் புகையைத்தான் ரொம்ப நேரம் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்தேன். ஃபிலிமுக்குப் பதிலா கண்ணாடி பிளேட்டுல படம் பிடிச்ச காலம்டா, மாப்ள. பொட்டி கேமராவைக் கொண்டாந்து ஸ்டாண்டுல நிறுத்தி, தலையில கறுப்புத்துணி போட்டு, ஃபோகஸ் பண்ணி, பிளேட்ட சொருகி, இவ்வளவும் செய்யுறதுக்குள்ள அது மறைஞ்சா போச்சு. நீ ஸ்டுடியோவுல கல்யாண குரூப் போட்டோ எடுக்குறப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பியே, அதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

இன்னும் சிலரும் அன்னிக்குப் படம் எடுத்துருக்காங்க. பிகலோன்னு அமெரிக்க வானிலைத் துறை புரொஃபசர் அந்தப் படங்களையெல்லாம் வச்சு அளந்து கணக்குப் போட்டு 1906ல எழுதினார். உயரம் சுமார் 3600 அடி, மேகத்தைத் தொடுற இடத்துல அகலம் 840 அடி, நடுவுல 140, கடல்மட்டத்துல 240. காத்துல கலைஞ்சு போன ஒண்ணை பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் அளக்குறார்னா அந்தப் பிளேட்டு இருந்ததாலதானே? பார்த்த ஆயிரம் பேரும் இன்னிக்கு இல்ல, அவங்க சொன்ன கதையும் பாதி போயிருக்கும்.

பிரின்ட் போட்டு அனுப்புறேன், லென்ஸ் வச்சு அந்த வெள்ளைப் புகையைப் பாரு. அந்த இருட்டுல கேமரா லென்ஸை எவ்வளவு நேரம் திறந்து வச்சுருப்பார்னு உனக்குத்தான் தெரியும், எழுது.

உன் பழைய மாப்ள