ஓடிப்போனவர் விளம்பரத் தொகுப்பு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். 1776 ஜூலை மாத ‘வர்ஜீனியா கெஜட்’ என்ற அமெரிக்கச் செய்தித்தாளில் ஓர் எஜமானர் கொடுத்த விளம்பரம், ஜான் நியூட்டன் என்ற வேலையாள் ஓடிப்போனதைச் சொல்கிறது. வயது சுமார் 20, உயரம் ஐந்தடி ஐந்தாறு அங்குலம், ஒல்லி உடம்பு, பின்னால் கட்டிய நீண்ட கருமுடி, பிறப்பால் ‘ஆசிய இந்தியர்’. பத்தாண்டு இங்கிலாந்தில் வேலை செய்தவர், வர்ஜீனியாவுக்கு வந்து ஓராண்டுதான் ஆகிறது. நன்றாக முடிதிருத்துவார், சுதந்திர மனிதர்போல அந்தத் தொழிலைச் செய்து பிழைக்கப் பார்ப்பார் என்று எஜமானரே எழுதியிருக்கிறார். பிடித்துச் சிறையில் அடைப்பவருக்கு 8 டாலர். அவருடைய ஊரும் தாய்மொழியும் விளம்பரத்தில் இல்லை. ஆகவே எங்கள் தொகுப்பிலும் அந்த இடம் வெற்றாகவே இருக்கும். ஊகித்து நிரப்ப மாட்டோம்.

வர்ஜீனியாவின் அன்றைய தலைநகரான வில்லியம்ஸ்பர்க்கில் 1736இல் தொடங்கிய இந்த இதழிலிருந்து 1780 வரை வந்த இத்தகைய விளம்பரங்களில் 1,000ஐ மூலப்படி எழுதி, தமிழாக்கி, எவரும் தேடிப் படிக்கும்படி வைப்பதே திட்டம். அடிமைகளும் இருப்பார்கள், ஒப்பந்த வேலையாட்களும் இருப்பார்கள், தண்டனையாக நாடுகடத்தப்பட்டவர்களும் இருப்பார்கள்.

இதழ்களின் படங்கள் கிடைக்கின்றன, அதற்குப் பணம் வேண்டாம். செலவு படிப்பதில்தான். அக்கால அச்சில் ‘எஸ்’ எழுத்து நீண்டு ‘எஃப்’ போல நிற்கும். கணினி அதை மாற்றிப் படித்து, ‘விற்கப்பட்ட’ (sold) என்னும் ஆங்கிலச் சொல்லை ‘மடிப்பு’ (fold) ஆக்கிவிடும். தாளின் மறுபக்க மையும் ஊறித் தெரியும். 3, 8 இரண்டும் குழம்பினால் வயதும் பரிசுத் தொகையும் கெட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு விளம்பரத்தையும் இருவர் தனித்தனியே தட்டச்சு செய்வார்கள். இரண்டு படிகளும் வேறுபடும் இடத்தை மூன்றாமவர் படத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்வார். பலரும் வீண்செலவு என்று நினைப்பது இந்த இரண்டாம் தட்டச்சைத்தான். எங்கள் அனுபவத்தில் அதை விட்டால் தொகுப்பை நம்ப முடியாது.

வேறு பிழைகளும் உண்டு. முதல் வாரத்துக்கு 3 ஷில்லிங், அடுத்த வாரங்களுக்கு 2 ஷில்லிங் என்று கட்டணம் இருந்ததால் ஒரே விளம்பரம் பல வாரம் திரும்ப வரும். அதைக் கவனிக்காமல் எண்ணினால் ஓடிய ஒருவர் நால்வர் ஆகிவிடுவார். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு மூன்று கெஜட்டுகள் ஒரே காலத்தில் வெளிவந்திருக்கின்றன. அச்சிட்டவர் பெயரைக் குறிக்காத பதிவு பயன்படாது. இங்கிலாந்திலும் அமெரிக்காவில் அதன் ஆட்சியில் இருந்த குடியேற்றங்களிலும் 1752க்கு முன் புத்தாண்டு மார்ச் 25 என்பதால், ஜனவரி, பிப்ரவரி இதழ்களின் ஆண்டைத் திருத்திப் பதிய வேண்டும். ‘இந்தியர்’ என்ற சொல் பெரும்பாலும் அமெரிக்கப் பூர்வகுடியைக் குறிக்கும். ‘கிழக்கிந்திய’, ‘ஆசிய’ என்ற அடைமொழி இருந்தால் மட்டுமே தனிக்குறி இடுவோம்.

எஜமானர் அடையாளம் சொல்ல எழுதியதில்தான் அந்த மனிதரின் திறமையும் பதிவாகியிருக்கிறது. பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் 1769 செப்டம்பரில் கொடுத்த விளம்பரத்தில், அவருடைய அடிமையான சாண்டி என்பவர் இடக்கையால் செருப்புத் தைப்பவர், தச்சுவேலையும் ஓரளவு தெரிந்தவர், குதிரையையும் தம் கருவிகளையும் கொண்டுபோனவர். அவரைப் பிடித்தால் அதே மாவட்டத்தில் 40 ஷில்லிங், வேறு குடியேற்றத்தில் 10 பவுண்டு. பிறகு பிடிபட்டு, 1773இல் விற்கப்பட்டார். தொழில், தழும்பு, உடை, பேசும் மொழி, உடன் ஓடியவர், போகக்கூடிய இடம் ஒவ்வொன்றுக்கும் தனிக்கட்டம் வைத்திருக்கிறோம். சிறை அதிகாரிகள் கொடுத்த ‘பிடிபட்டார்’ அறிவிப்புகளையும் இவற்றோடு பொருத்திப் பார்ப்போம்.

ஒரு விளம்பரத்துக்கு ஆகும் செலவு 150 ரூபாய்: இரண்டு தட்டச்சுக்கு 80, ஒப்பீட்டுக்கு 30, தமிழாக்கத்துக்கு 40. மொத்தம் 1,50,000 ரூபாய் வேண்டும். கையில் 42,000 இருக்கிறது. 1,500 ரூபாய் கொடுத்தால் பத்துப் பேரின் பதிவு முடியும். அக்கால ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் பணத்துக்குப் பதில் வாரம் மூன்று மணி நேரம் ஒப்பீட்டு வேலை செய்து தரலாம். இப்போது அதற்குத்தான் ஆள் குறைவு. நன்கொடையைப் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் அனுப்பப்படும்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர்